சி, சி பிளஸ் பிளஸ் தரநிலையின் வாசகம் இரண்டு பொருள் தரும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் எம்பெடட் கருவிகளுக்கு நிரல் எழுதும் தமிழ்ப் பொறியாளர்களும், பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் சி படிக்கும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். "தரநிலை இப்படியும் சொல்கிறது, அப்படியும் சொல்கிறது, எதை நம்புவது?" என்பதுதான் இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி. நிரல் துணுக்குகளில் மாறிகளுக்குத் தமிழ் எழுத்துகளையே பெயராக வைத்திருக்கிறோம்.

எந்த ஆவணத்தைத் திறந்து படிக்க வேண்டும்?

மொழியின் விதிகளை வரையறுக்கும் ஆவணமே தரநிலை. சி மொழிக்கு ஐஎஸ்ஓ/ஐஇசி 9899. சி பிளஸ் பிளஸுக்கு ஐஎஸ்ஓ/ஐஇசி 14882. முதலாவதை டபிள்யூஜி14 குழுவும் இரண்டாவதை டபிள்யூஜி21 குழுவும் பராமரிக்கின்றன. அச்சான பதிப்பை வாங்கச் சில நூறு வெள்ளி ஆகும். அன்றாட வேலைக்கு அது தேவையில்லை, இலவச இறுதி வரைவுகள் போதும். சி99 திருத்தங்களுடன் வேண்டுமானால் என்1256, சி11க்கு என்1570, சி23க்கு என்3220. சி பிளஸ் பிளஸ் 17க்கு என்4659, 20க்கு என்4861, 23க்கு என்4950.

வரைவு எண்ணைக் குறிப்பிடாமல் "தரநிலையில் இருக்கிறது" என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரே பிரிவு பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறும், பத்தி எண்ணும் மாறும். சி11இல் இருந்த ஒரு வாக்கியம் சி23இல் இல்லாமலே போயிருக்கலாம். வாதங்களில் பாதி, இருவரும் வெவ்வேறு பதிப்பைப் பார்த்துக்கொண்டிருப்பதால் வருபவை.

அச்சான பதிப்பிலும் பிழை வரும். 2011இல் வெளிவந்த சி11இல் பதிப்பைக் காட்டும் மேக்ரோவின் மதிப்பை நிரப்ப மறந்து, 201 என்ற இலக்கங்களுக்குப் பின் எழுத்துகளை அப்படியே விட்டுவிட்டார்கள். அதை 201112 என்று திருத்த 2012இல் தனித் திருத்த ஏடு வந்தது.

ஒரு வாசகம் தெளிவில்லை என்று எப்போது சொல்லலாம்?

இரண்டு வாசிப்புகளும், அவற்றைப் பிரித்துக் காட்டும் ஒரு நிரலும் உங்கள் கையில் இருக்கும்போது. அதற்கு முன் சொன்னால் "எனக்குப் புரியவில்லை" என்பதுதான் அதன் பொருள். அதில் தவறில்லை, ஆனால் அது வேறு கேள்வி.

முதலில், சந்தேகத்துக்குரிய வாக்கியத்தை முழுப் பத்தியோடு படியுங்கள். அதில் வரும் ஒவ்வொரு கலைச்சொல்லையும் 3ஆம் பிரிவிலுள்ள வரையறையோடு ஒப்பிடுங்கள். "ஆப்ஜெக்ட்", "வேல்யூ", "அக்சஸ்" ஆகியவற்றுக்குத் தரநிலை தனிப் பொருள் வைத்திருக்கிறது. சி மொழியில் "அக்சஸ்" என்றால் படிப்பதும் எழுதுவதும் இரண்டும்தான். அன்றாடப் பொருளில் படித்தால் இல்லாத குழப்பம் பிறக்கும். பிறகு அதே பிரிவின் "கன்ஸ்ட்ரெயின்ட்ஸ்" (கட்டுப்பாடுகள்) பகுதியைப் பாருங்கள். நூலகச் செயல்கூறு பற்றிய சந்தேகம் என்றால் அந்தத் தலைப்பின் பொது முன்னுரையையும், சி11இல் 7.1.4 பிரிவையும் தவறாமல் படியுங்கள். செயல்கூறின் சொந்தப் பத்தியில் இல்லாத நிபந்தனைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் வாசிப்பு ஒன்றின்படி நிரல் 0 அச்சிட வேண்டும், மற்றதன்படி 1 அச்சிட வேண்டும் என்று காட்ட முடிந்தால் உங்களிடம் உண்மையான சிக்கல் இருக்கிறது.

தரநிலையில் "ஷால்" (கட்டாயத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்) என்று இருந்தால் கம்பைலர் பிழை காட்ட வேண்டுமா?

இடத்தைப் பொறுத்தது. கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் பகுதிக்குள் இருக்கும் "ஷால்" மீறப்பட்டால் கம்பைலர் குறைந்தது ஒரு செய்தியாவது தர வேண்டும். அது எச்சரிக்கையாக இருந்தாலும் போதும், தொகுப்பை நிறுத்த வேண்டிய கட்டாயம் இல்லை. கன்ஸ்ட்ரெயின்ட்ஸுக்கு வெளியே இருக்கும் "ஷால்" மீறப்பட்டால் அது வரையறுக்கப்படாத நடத்தை, கம்பைலர் வாயே திறக்க வேண்டாம். சி தரநிலையின் 4ஆம் பிரிவு இதை நேராகவே சொல்கிறது. தரநிலை எதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையோ அதுவும் வரையறுக்கப்படாததே என்றும், இந்த வகைகளுக்குள் கடுமையில் வேறுபாடு இல்லை என்றும் அதே பிரிவு சேர்த்துச் சொல்கிறது.

ஆகவே "தடை செய்ததாக எங்கும் எழுதவில்லையே" என்ற வாதம் சி மொழியில் செல்லாது. எழுதாமல் விட்டது அனுமதி ஆகாது.

வரையறுக்கப்படாதது, குறிப்பிடப்படாதது, கம்பைலர் தீர்மானிப்பது: மூன்றும் நடைமுறையில் ஒன்றுதானே?

இல்லை. இங்கே தவறினால் மற்ற எல்லாமே தவறும்.

கம்பைலர் தீர்மானிப்பது என்றால் பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்து அதை ஆவணத்தில் எழுதி வைக்க வேண்டும். வெறும் "சார்" வகைக்குக் குறி உண்டா இல்லையா, அதாவது எதிர்ம எண் ஏற்குமா என்பது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எக்ஸ்86 லினக்ஸில் உண்டு, ஆர்ம் லினக்ஸில் இல்லை. கணினியில் சோதித்து ஓடிய நிரல் ஆர்ம் பலகையில் ஏற்றியதும் "எழுத்து < 0" என்ற சோதனையில் ஒருபோதும் நுழையாமல் போவது இதனால்தான்.

குறிப்பிடப்படாதது என்றால் வழிகள் வரையறுக்கப்பட்டவை. எது நடக்கும் என்று கம்பைலர் சொல்ல வேண்டியதில்லை, ஓட்டத்துக்கு ஓட்டம் மாறவும் செய்யலாம். செயல்கூறு அழைப்பில் எந்த ஆர்கியூமென்ட் முதலில் கணக்கிடப்படும் என்பது இந்த வகை.

வரையறுக்கப்படாததில் எந்த உத்தரவாதமும் இல்லை. அது நடக்காது என்று எடுத்துக்கொண்டே கம்பைலர் சுற்றியுள்ள வரிகளையும் சுருக்கும். குறியுள்ள முழு எண்ணின் ஓவர்ஃபுளோ இப்படிப்பட்டது. சி பிளஸ் பிளஸ் 20உம் சி23உம் எதிர்ம எண்ணைச் சேமிக்க டூஸ் காம்ப்ளிமென்ட் வடிவம் மட்டுமே செல்லும் என்று ஆக்கிய பிறகு "இனி ஓவர்ஃபுளோ சுற்றி வந்துவிடும்" என்று பலர் நம்புகிறார்கள். மாறியது எண் சேமிக்கப்படும் வடிவம் மட்டுமே. கூட்டல் எல்லை தாண்டினால் இன்றும் வரையறுக்கப்படாததுதான்.

அடிக்குறிப்பும் எடுத்துக்காட்டும் விதியோடு முரண்பட்டால்?

விதியே வெல்லும். அடிக்குறிப்பு, "நோட்", எடுத்துக்காட்டு, "இன்ஃபர்மேட்டிவ்" என்று குறிக்கப்பட்ட பின்னிணைப்பு ஆகிய நான்கும் விளக்கத்துக்கானவை. வரையறுக்கப்படாதவற்றைப் பட்டியலிடும் சி தரநிலையின் ஜே பின்னிணைப்பும் அப்படித்தான். தேடத் தொடங்க அருமையான இடம், முடிவு சொல்லும் இடம் அல்ல.

சி பிளஸ் பிளஸ் கோர் பட்டியலில் (மைய மொழிக்கான குறைகளின் பட்டியல்) 637ஆம் எண் இதற்கு நேரடிச் சான்று. சி பிளஸ் பிளஸ் 11க்காக கணக்கீட்டு வரிசை விதிகளைப் புதிதாக எழுதியபோது, எ = ++எ + 1 என்ற வரி புதிய விதிப்படி சரியாகிவிட்டது. பக்கத்தில் இருந்த பழைய எடுத்துக்காட்டு மட்டும் அதை வரையறுக்கப்படாதது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. குழு விதியை வைத்துக்கொண்டு எடுத்துக்காட்டை மாற்றியது. சி மொழியில் கதை வேறு: அதே வரி சி11இன் அடிக்குறிப்பில் வரையறுக்கப்படாததற்கு மாதிரியாக நிற்கிறது, அங்கே விதியும் அதையே சொல்கிறது.

அடிக்குறிப்பு முக்கியமே இல்லை என்றும் எண்ணிவிடாதீர்கள். ஒரே இடத்தைப் பல உறுப்புகள் பகிரும் யூனியனில் ஓர் உறுப்பில் எழுதி வேறொன்றில் படிக்கலாமா என்ற சி99 குழப்பத்தில், டிஆர் 283 என்ற குறை அறிக்கையின் விளைவாக மூன்றாவது திருத்த ஏட்டில் ஓர் அடிக்குறிப்பு சேர்ந்தது. பைட்டுகள் புதிய வகையாகப் பொருள் கொள்ளப்படும் என்றது அது. குழுவின் எண்ணம் எது என்பதை அது காட்டிவிட்டது. சி பிளஸ் பிளஸில் இந்தப் படிப்பு பொதுவாக வரையறுக்கப்படாதது. அங்கே பைட்டுகளை நகலெடுக்கும் மெம்காப்பி, அல்லது 20ஆம் பதிப்பிலிருந்து பிட்_காஸ்ட் பயன்படுத்துங்கள்.

நிஜமாகவே தெளிவில்லாத வாசகத்துக்கு முழு எடுத்துக்காட்டு ஒன்று தர முடியுமா?

ஒதுக்கிய நினைவகத்தின் அளவை மாற்றும் ரீஅலாக் செயல்கூறுக்கு அளவாக 0 கொடுப்பது. இதைவிட நல்ல பாடம் இல்லை.

சி90 தெளிவாக இருந்தது: அளவு 0, பாயிண்டர் நல் (எதையும் சுட்டாதது) அல்ல என்றால் அந்த நினைவகம் விடுவிக்கப்படும். சி99 அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டது. மீதி இருந்தவை இரண்டு. நினைவகச் செயல்கூறுகளின் பொது முன்னுரை, 0 கேட்டால் நல் திரும்பலாம் அல்லது சிறு அளவு கேட்டதுபோல் ஏதோ ஒரு பாயிண்டர் திரும்பலாம், கம்பைலர் தீர்மானிக்கட்டும் என்றது. ரீஅலாக் பத்தியோ, புதிய இடம் ஒதுக்க முடியாவிட்டால் பழைய இடம் அப்படியே இருக்கும் என்றது.

இப்போது ரீஅலாக்(ப, 0) நல் தருகிறது. இது முன்னுரை அனுமதித்த நல்லா? அப்படியானால் ப விடுவிக்கப்பட்டுவிட்டது. ஒதுக்க முடியாமல் வந்த நல்லா? அப்படியானால் ப இன்னும் உயிரோடு இருக்கிறது. திரும்பிய மதிப்பைப் பார்த்து இரண்டையும் பிரிக்க வழியே இல்லை.

நடைமுறையில் லினக்ஸின் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சி பழைய இடத்தை விடுவித்துவிட்டு நல் தருகிறது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் பழையதை விடுவித்து, சிறிய புதிய இடத்துக்கான பாயிண்டரைத் தருகிறது. இப்போது எல்லாரும் எழுதும் வழக்கமான வடிவத்தைப் பாருங்கள்: த = ரீஅலாக்(ப, அளவு); த நல் என்றால் ஃப்ரீ(ப), பிழையோடு வெளியேறு. அளவு 0 ஆகும் நாளில் ஜிலிப்சியில் இது ஒரே இடத்தை இருமுறை விடுவிக்கிறது. அளவு வலையமைப்பிலிருந்து வரும் எண் என்றால் அது பாதுகாப்பு ஓட்டை.

டிஆர் 400 இதைத்தான் எழுப்பியது. சி11இன் பிழைகளை மட்டும் சரிசெய்ய 2018இல் வெளிவந்த சி17, பழைய இடம் விடுவிக்கப்படுகிறதா என்பதைக் கம்பைலர் தீர்மானிக்கட்டும் என்று எழுதி, 0 அளவோடு அழைப்பதையே வழக்கொழியப் போகும் பட்டியலில் சேர்த்தது. சி23 ஒரு படி மேலே போய் வரையறுக்கப்படாதது ஆக்கிவிட்டது. தெளிவாக்கம் என்றால் நமக்கு வசதியான பதில் வரும் என்று பொருள் இல்லை. "இனி இதைச் செய்யாதே" என்பதும் தெளிவான பதில்தான்.

செய்ய வேண்டியது: அளவு 0 என்றால் ஃப்ரீ(ப), ப = நல். இல்லாவிட்டால் மட்டும் ரீஅலாக். எல்லாப் பதிப்பிலும் எல்லாக் கம்பைலரிலும் இது ஒரே பொருள் தரும்.

நீளம் 0 என்றால் மெம்காப்பிக்கு நல் பாயிண்டர் கொடுக்கலாமா? ஒரு பைட்டும் நகராதே.

சி23 உட்பட இதுவரை வந்த எந்தப் பதிப்பிலும் கூடாது. நீளம் 0 ஆக இருந்தாலும் பாயிண்டர்கள் செல்லுபடியானவையாக இருக்க வேண்டும் என்று ஸ்ட்ரிங் தலைப்பின் முன்னுரையில் ஒரு வாக்கியம் இருக்கிறது. மெம்காப்பியின் சொந்தப் பத்தியில் அது இல்லாததால்தான் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது.

விளைவு கற்பனை அல்ல. ஜிசிசி கம்பைலரின் 4.9 பதிப்பு வெளிவந்தபோது அதன் குறிப்புகளிலேயே எச்சரித்தார்கள்: மெம்மூவுக்கு ஒரு பாயிண்டரைக் கொடுத்த பிறகு அது நல்லா என்று சோதித்தால், அந்தச் சோதனையை ஜிசிசி தேவையற்றது என்று நீக்கிவிடலாம். அடுத்த சி பதிப்புக்கான வரைவில் 0 நீளத்தோடு நல் கொடுப்பதை அனுமதிக்க என்3322 முன்மொழிவு ஏற்கப்பட்டிருக்கிறது. உங்கள் நிறுவனத்தில் ஓடுவது பழைய கம்பைலர் என்றால் அது உங்களைக் காப்பாற்றாது. நீளத்தை முதலில் சோதியுங்கள்.

எ = எ++ சரியா தவறா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

சி: எல்லாப் பதிப்பிலும் வரையறுக்கப்படாதது. சி பிளஸ் பிளஸ் 14 வரை: அதேதான். சி பிளஸ் பிளஸ் 17 முதல்: வலப்பக்கம் முழுதும் முடிந்த பிறகே இடப்பக்கம் என்று ஆனதால் வரையறுக்கப்பட்டது, எ பழைய மதிப்பிலேயே இருக்கும். எ++ + எ++ மட்டும் இன்றும் வரையறுக்கப்படாதது. செ(எ++, எ++) சி பிளஸ் பிளஸ் 17இல் குறிப்பிடப்படாத வரிசை, சி மொழியில் வரையறுக்கப்படாதது. நேர்காணலில் இதைக் கேட்பவர்கள் மொழியையும் பதிப்பையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

பிழை வந்ததும் வாட்ச்டாக் (நிரல் சிக்கிக்கொண்டால் கருவியை மறுதொடக்கம் செய்யும் டைமர்) மீட்கட்டும் என்று முடிவில்லா லூப்பில் நிற்கிறோம். கம்பைலர் அதை நீக்குமா?

சி11இலிருந்து, கட்டுப்படுத்தும் கோவை மாறிலி அல்லாத லூப், உள்ளீடு வெளியீடோ, வாலடைல் (கம்பைலர் தவிர்க்கக் கூடாத) மாறியைத் தொடுதலோ, அட்டாமிக் அல்லது ஒத்திசைவுச் செயலோ இல்லாவிட்டால், முடிந்துவிடும் என்று கம்பைலர் கருதலாம். வைல்(1) மாறிலி, ஆகவே பாதுகாப்பு. ஃபார்(;;) எழுதினாலும் விடுபட்ட கோவை மாறிலியாகவே கொள்ளப்படும். வைல்(கொடி) என்று எழுதி கொடி வாலடைல் இல்லை என்றால் ஆபத்து.

சி பிளஸ் பிளஸில் இந்த மாறிலி விலக்கு இல்லை. வெற்று முடிவில்லா லூப்பை கிளாங் கம்பைலர் நீக்கி, அடுத்த செயல்கூறுக்குள் நிரல் நழுவிய நிகழ்வுகள் இதனால் வந்தவை. 2024இல் பி2809 முன்மொழிவு, வெற்று முடிவில்லா லூப்பை வரையறுக்கப்பட்டதாக்கியது, பழைய பதிப்புகளுக்குமான குறைதீர்ப்பாகவே. கம்பைலர் அதற்கு முந்தையது என்றால் லூப்புக்குள் ஒரு வாலடைல் மாறியைப் படியுங்கள்.

மூன்று கம்பைலரிலும் ஒரே விடை வருகிறதே, அது போதாதா?

போதாது. மூன்றும் இன்று ஒத்துப்போவது தேர்வாக இருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம். சோதிக்கும்போது கம்பைலர் எக்ஸ்ப்ளோரர் இணையதளத்தில் ஜிசிசி, கிளாங், எம்எஸ்விசி மூன்றையும், -ஓ0, -ஓ2 என்ற ஆப்டிமைசேஷன் நிலைகள் இரண்டையும் வைத்துப் பாருங்கள். விடை மாறினால் அது உங்களுக்குச் சான்று: உண்மையான வேறுபாடு இருக்கிறது. மாறாவிட்டால் எதுவும் நிரூபணம் ஆகவில்லை. நிரல் ஓடும்போது வரையறுக்கப்படாத நடத்தையைப் பிடிக்கும் யூபிசான் என்னும் சானிடைசரும் அப்படியே. பிடித்தால் நம்புங்கள், மௌனத்தை நம்பாதீர்கள். அது ஓடிய பாதையை மட்டுமே பார்க்கும், அத்தகைய நடத்தைகளில் சிலவற்றை மட்டுமே அறியும்.

அச்சான சி பிளஸ் பிளஸ் 17இல் உள்ளதும் கம்பைலரின் 17 முறையும் ஒத்துப்போகவில்லை. ஏன்?

குறைதீர்ப்புகள் பின்னோக்கிச் செல்லும். அச்சான 17ஐ எழுத்துக்கு எழுத்து படித்தால், மாலாக்கில் பெற்ற இடத்தை ஸ்ட்ரக்ட் பாயிண்டராக்கி உறுப்பில் மதிப்பு வைப்பதே தவறு, ஏனெனில் அங்கே ஆப்ஜெக்ட் எதுவும் உருவாகவில்லை. உலகில் ஓடும் சி பாணி நிரல் அத்தனையும் இப்படித்தான் இருக்கிறது. பி0593 முன்மொழிவு 2020இல் இதைச் சரிசெய்தது, அதுவும் குறைதீர்ப்பாக. ஆகவே அச்சுப் பதிப்பை மட்டும் வைத்து வாதாடாதீர்கள், பிறகு தீர்ந்த பட்டியலையும் சேர்த்துப் பாருங்கள்.

குழுவிடம் எழுப்புவது எப்படி? அதில் என்ன இருக்க வேண்டும்?

முதலில் பழைய பட்டியல்களைத் தேடுங்கள்: டபிள்யூஜி14இன் டிஆர் பட்டியல்கள், சி பிளஸ் பிளஸின் கோர், நூலகப் பட்டியல்கள். பிரிவு எண்ணால் மட்டும் தேடாமல் செயல்கூறின் பெயராலும், வாசகத்தில் உள்ள அரிய சொல்லாலும் தேடுங்கள். பெரும்பாலும் உங்கள் கேள்வி அங்கே இருக்கும், சில வேளை பதில் இல்லாமல். நல் பாயிண்டருக்கு முன் * போட்டுவிட்டு மதிப்பைப் படிக்காமல் விட்டால் தவறா என்ற கோர் 232 எத்தனையோ ஆண்டுகள் திறந்தே கிடந்தது.

புதிது என்றால் ஆங்கிலத்தில், ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். வரைவு எண், பிரிவு, பத்தி. வாசகத்தை வெட்டாமல் மேற்கோள். வாசிப்பு அ, வாசிப்பு ஆ, ஒவ்வொன்றுக்கும் ஆதாரமான வரி. இருபது வரிக்குள் ஒரு நிரல், அதன் எதிர்பார்ப்பு விடைகள் இரண்டும். கம்பைலர்கள் இன்று என்ன செய்கின்றன, பதிப்பு எண்ணோடு. கடைசியாக, மாற்று வாசகம் ஒன்று. இந்தக் கடைசிப் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முன்மொழிந்த வாசகம் இல்லாத கேள்வியை யாராவது எடுத்து எழுத முன்வரும்வரை அது வரிசையில் காத்திருக்கும்.

ஒரே மனுவில் மூன்று சந்தேகங்களைச் சேர்க்காதீர்கள். எழுத்துப் பிழை, தவறான குறுக்குச் சுட்டு போன்றவை வேறு வழியில் போக வேண்டும். சி பிளஸ் பிளஸ் வரைவின் கிட்ஹப் களஞ்சியத்தில் அவற்றைப் பதியலாம், தொகுப்பாசிரியர்களே திருத்துவார்கள். பொருள் மாறும் எதையும் அங்கே கொண்டுபோகக் கூடாது.

இதற்குச் சிங்கப்பூர் அமைப்புகள் வழியாகப் போக வேண்டுமா?

குறை ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டாம். பட்டியல் பொறுப்பாளருக்குத் தனிநபராகவே அனுப்பலாம். வாக்கெடுப்பில் அதிகாரபூர்வக் கருத்து பதிய வேண்டும் என்றால்தான் நாட்டு உறுப்பமைப்பு வேண்டும். ஐஎஸ்ஓவில் சிங்கப்பூரின் உறுப்பினர் எண்டர்பிரைஸ் சிங்கப்பூர், 2018இல் ஸ்பிரிங் சிங்கப்பூரும் ஐஇ சிங்கப்பூரும் இணைந்து இது உருவானது.

பட்டியலில் "என்ஏடி" (நாட் எ டிஃபெக்ட்) என்று வந்தால் நிராகரித்துவிட்டார்கள் என்றா பொருள்?

குறை இல்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள். அதன் கீழே உள்ள விளக்கத்தைக் கட்டாயம் படியுங்கள். எந்த வாசிப்பு சரி என்பதை அந்த ஒரு பத்திதான் சொல்லும், பல வேளைகளில் நீங்கள் தேடிய பதிலே அதுதான். "டிராஃப்டிங்" என்றால் குறையை ஒப்புக்கொண்டு திசையும் முடிவாகிவிட்டது, வாசகம் எழுதப்படுகிறது. "எக்ஸ்டென்ஷன்" என்றால் கேட்பது புது வசதி, முன்மொழிவாகக் கொண்டுவாருங்கள். "ஓப்பன்" என்றால் எதையும் அனுமானிக்காதீர்கள்.

பதில் வரும்வரை நிரலை என்ன செய்வது?

இரண்டு வாசிப்பிலும் சரியாக ஓடும்படி மாற்றி எழுதுங்கள். மேலே ரீஅலாக்குக்குச் சொன்னதுபோல் பெரும்பாலும் ஒரே ஒரு நிபந்தனை வரி போதும். மாற்றவே முடியாத பெரிய பழைய நிரல் என்றால் கம்பைலரின் சொந்த உத்தரவாதத்தை வாங்கிக்கொள்ளுங்கள்: ஜிசிசியிலும் கிளாங்கிலும் ஓவர்ஃபுளோ சுற்றி வர -எஃப்ராப்வி, வகை மாற்றிப் படிக்க -எஃப்நோ-ஸ்ட்ரிக்ட்-அலையாசிங், நல் சோதனையை நீக்காமலிருக்க -எஃப்நோ-டிலீட்-நல்-பாயிண்டர்-செக்ஸ். இவற்றை மேக்ஃபைலில் எழுதும்போது எந்தக் கோப்பின் எந்த வரிக்காக என்று அங்கேயே குறித்து வையுங்கள். குறிக்காவிட்டால் அடுத்து வருபவர் வேகத்துக்காக அதை நீக்குவார்.

வாடிக்கையாளரின் ஒப்பந்தத்தில் "சி99க்கு இணங்க" என்று மட்டும் இருந்தால், மூன்று திருத்த ஏடுகளும் சேருமா என்பதையும், கம்பைலர் தீர்மானிக்கும் நடத்தைகளுக்கு எந்தக் கம்பைலரின் எந்தப் பதிப்பு ஆவணம் அடிப்படை என்பதையும் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.